தோளுக்கு வாங்குங்கள், இடுப்பைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார்

அலுவலகத்துக்குப் போடும் சட்டை எடுப்பாக இல்லை என்று வருத்தப்படுபவர்களில் பலருக்குத் துணியிலோ பிராண்டிலோ குறை இருப்பதில்லை. தோள் தையல் கைமேல் ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். பேன்ட் ஷூவின் மேல் மூன்று மடிப்பாகக் குவிந்திருக்கும். அப்படி இருந்தால் 2,500 ரூபாய் சட்டையும் இரவல் சட்டை மாதிரிதான் தெரியும். அளவு சரியாக உட்கார்ந்த 700 ரூபாய் சட்டை அதைவிட நன்றாக இருக்கும்.

ரெடிமேட் உடையில் சில இடங்களைப் பிறகு சரிசெய்யலாம், சில இடங்களைத் தொடவே முடியாது. தொட முடியாத இடங்களைக் கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். மற்றதை ஆல்ட்டரேஷனில் முடித்துக்கொள்ளலாம். கையில் இருப்பது 8,000 ரூபாய் என்றால், 800 ரூபாயை முதலிலேயே தையற்கூலிக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு தலா 900 ரூபாய்க்குள் நான்கு சட்டை, 1,300 ரூபாய்க்குள் இரண்டு பேன்ட், மீதியில் ஒரு தோல் பெல்ட். கூலிக்கென்று ஒதுக்காமல் ஐந்தாவது சட்டையும் வாங்குபவர்களுக்குக் கடைசியில் சரியாகப் பொருந்தாத ஐந்து சட்டைகள்தான் மிஞ்சும்.

கடைக்குப் போகும் முன்

உங்களிடம் இருப்பதில் மிக நன்றாகப் பொருந்தும் சட்டையைப் பட்டன் போட்டு, சுருக்கமில்லாமல் மேசையில் விரியுங்கள். இஞ்ச் டேப்பால் அளக்க வேண்டியவை: ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, அக்குளிலிருந்து அக்குள் வரை, வயிற்றுப் பகுதியின் அகலம், தோளிலிருந்து கைநுனி, பின்பக்க உயரம். அக்குள் அளவை இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்று கிடைக்கும். உடம்பின் மார்புச் சுற்று 38 அங்குலம் என்றால் சட்டை 42 முதல் 43 வரை இருப்பது வசதி. 41-க்குக் கீழே போனால் கையை முன்னால் நீட்டும்போது முதுகு பிடிக்கும்.

பேன்ட்டுக்கும் இப்படியே இடுப்பு, தொடை, முழங்கால், பாட்டம், உள்தையல் நீளம் ஆகியவற்றை அளந்துகொள்ளுங்கள். கூடவே இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பிலிருந்து கவட்டுத் தையல் வரை முன்பக்க உயரமும் வேண்டும். பலரும் அளக்காமல் விடுவது இதைத்தான், பின்னால் அதிகம் வருந்துவதும் இதற்குத்தான்.

லேபிளை மட்டும் நம்பி இந்த வேலை ஆகாது. ஃபார்மல் சட்டைகளில் 39, 40, 42 என்று போடுவது பல நிறுவனங்களில் சென்டிமீட்டரில் காலர் சுற்று. சிலர் அதே எண்ணை மார்பு அங்குலமாக வைத்துக்கொள்கிறார்கள். 34 என்று போட்ட பேன்ட்டின் பட்டியை அளந்தால் 35, 36 வருவதும் உண்டு. டேப்பைக் கையோடு எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டையில் பார்க்க வேண்டியது

முதலில் தோள். தோள் எலும்பு முடிந்து கை இறங்கத் தொடங்கும் இடத்தில் தையல் நிற்க வேண்டும். அரை அங்குலம் முன்பின் இருந்தால் போகட்டும், அதற்கு மேல் என்றால் அந்தச் சட்டை வேண்டாம். தோளைக் குறைக்கக் கையைப் பிரித்து, அக்குள் வளைவை மறுபடி வெட்டி, கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். கூலி அதிகம், கை பழையபடி உட்காருமா என்பதும் சந்தேகம்.

அடுத்தது காலர். மேல் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். டை கட்டுவதில்லை, மேல் பட்டன் போடப்போவதுமில்லை என்றால் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். காலரின் இரண்டு அடுக்கையும் விரலால் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கேன்வாஸ் சரியாக ஒட்டாமல் தனியாக நகர்ந்தால் சில சலவைக்குள் காலர் குமிழ் குமிழாகப் புடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து கிடையாது.

மார்புப் பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறி மாதிரிச் சுருக்கம் விழுந்தால் சட்டை இறுக்கம். இதையும் தள்ளிவிடுங்கள். ரெடிமேட் சட்டையின் பக்கத் தையல் மடித்துத் தைத்தது என்பதால் உள்ளே பிரித்துவிடத் துணி இருக்காது. குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது.

வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் கவலையே இல்லை. சுற்றளவில் இரண்டு அங்குலம் வரை பக்கத் தையலில் பிடித்துக் குறைக்கலாம். அதைத் தாண்டிப் பிடித்தால் பக்கத் தையல் முன்னுக்கோ பின்னுக்கோ இழுத்துக்கொண்டு, கீழ் வளைவும் கோணலாகும். மேலும் குறைக்க வேண்டுமென்றால் முதுகில் இரண்டு டார்ட், அதாவது துணியை உள்ளே மடித்து முனை குறுகத் தைக்கும் பிடிப்பு, போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் அரை அங்குல ஆழம் என்றால் இரண்டும் சேர்ந்து இரண்டு அங்குலம் எடுத்துவிடும். கூன் விழுந்த முதுகுக்கும் அகன்ற முதுகுக்கும் டார்ட் ஒத்துவராது.

முழுக்கை நீளம் மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கட்டைவிரல் தொடங்கும் இடம் வரை. கைநுனியில் உள்ள கஃப்பைப் பிரித்து ஓர் அங்குலம் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் கஃப்புக்கு மேலே உள்ள திறப்பின் பட்டி குட்டையாகி, மடித்துவிடும்போது அழகாக விழாது. சட்டையை வெளியே விட்டுப் போடுபவர்கள் கீழ் விளிம்பு ஜிப்பின் பாதி உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். டக்-இன் செய்பவர்கள் டிரயல் அறையில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். சட்டை வெளியே வந்தால் அது டக்-இன் சட்டை அல்ல.

பேன்ட்

பேன்ட் போட்டவுடன் நின்று கண்ணாடி பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். உட்காருங்கள். பாக்கெட்டில் போனைப் போட்டு மறுபடி உட்காருங்கள். முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். காலையில் சரியாக இருந்த இடுப்பு அலுவலக நாற்காலியில் வேறு கதை சொல்லும்.

நிற்கும்போது பக்கப் பாக்கெட்டின் வாய் பிளந்தால் குறை இடுப்பில் இல்லை, சீட், அதாவது உட்காரும் பகுதி, இறுக்கம். பேன்ட்டை உள்புறம் திருப்பிப் பின் நடுத்தையலைப் பாருங்கள். நல்ல ஃபார்மல் பேன்ட்டில் அங்கே ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம் வரை துணி விட்டிருப்பார்கள். பிரித்தால் மொத்தத்தில் ஓர் அங்குலம் கிடைக்கும். சினோஸ் எனப்படும் பருத்தி கேஷுவல் பேன்ட் வகையில் இது பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், சாயம் வெளுத்த பருத்தியில் பழைய தையல் கோடு பளிச்சென்று தெரியும். இடுப்பைக் குறைப்பது எளிது, ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

முன்பக்க உயரத்தை யாராலும் கூட்ட முடியாது. தொப்பை உள்ளவர்கள் உயரம் குறைந்த பேன்ட் வாங்கினால் அது வயிற்றுக்குக் கீழே இறங்கி, கவட்டில் தொங்கி, கால் குட்டையாகத் தெரியும். அவர்களுக்கு உயரம் கூடிய, முன்னால் ஒரு பிளீட் (இடுப்புப் பட்டிக்குக் கீழே விடும் துணி மடிப்பு) வைத்த பேன்ட்தான் நல்லது. அது பழைய ஃபேஷன் என்று கடைப் பையன் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

உயரம் குறைந்தவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ரெடிமேட் பேன்ட் முழங்காலிலிருந்து கீழ்நோக்கிக் குறுகி வரும். நான்கு அங்குலத்தை அடியில் வெட்டி மடித்தால், குறுகிய பகுதி முழுக்க வெட்டுப்பட்டு, அகலமான இடம் பாட்டமாகிவிடும். உயரம் குறைக்கும்போதே முழங்காலிலிருந்து சரிவாகப் பிடித்து, பாட்டம் சுற்று 14 அல்லது 14½ அங்குலத்துக்கு வரும்படி சொல்ல வேண்டும். பல ஜவுளிக்கடைகள் அடியை இலவசமாக மடித்துத் தருகின்றன, ஆனால் சரிவு பிடிப்பதில்லை. பருத்தி பேன்ட் என்றால் ஒருமுறை துவைத்தபின் அடி மடிப்பது பாதுகாப்பு. 3 சதவீதம் சுருங்கினாலும் 30 அங்குல உள்தையலில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் போய்விடும்.

எப்போது துணி எடுத்துத் தைக்க வேண்டும்

வயிறு மார்பைவிடப் பெரிதாக இருந்தாலோ, தோள் மிகவும் சரிந்திருந்தாலோ, உயரம் ஐந்தரை அடிக்கு நன்றாகக் கீழே அல்லது ஆறடிக்கு மேல் என்றாலோ ரெடிமேடோடு மல்லுக்கட்ட வேண்டாம். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேன்ட்டுக்கு 1.2 முதல் 1.3 மீட்டர் போதும். 36 அங்குல அகலம் என்றால் சட்டைக்கு 2.25 முதல் 2.5 மீட்டர். ஆடித் தள்ளுபடியில் பிட் துணி வாங்கி வைத்துக்கொண்டு, தீபாவளி நெரிசலுக்கு முன் தைக்கக் கொடுப்பது உத்தமம். பருத்தி, லினன் துணியை இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துக் கொடுங்கள். ஐந்து சட்டையையும் ஒரே நேரத்தில் வெட்டச் சொல்லாதீர்கள். முதலில் ஒன்று தைத்து, போட்டுத் துவைத்துப் பார்த்து, திருத்தத்தை அளவு நோட்டில் எழுதவைத்தபின் மற்றவை.

பெண்களுக்குத் தோளோடு மார்பும் சேர்ந்து திருத்த முடியாத இடமாகிவிடுகிறது. ஃபார்மல் சட்டையில் இரண்டாம், மூன்றாம் பட்டனுக்கு நடுவே இடைவெளி விட்டால் ஊக்கு குத்திச் சமாளிப்பதைவிட அடுத்த அளவு வாங்கி இடுப்பைப் பிடிப்பது மேல். ரெடிமேட் குர்தாவில் பக்கத்தில் பிரிக்கத் துணி விட்டிருக்கிறார்களா என்று உள்ளே திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இருக்கும்.

நிறத்தில் குழம்ப வேண்டியதில்லை. கருநீலம், அடர்சாம்பல் பேன்ட்டோடு வெள்ளை, வெளிர்நீலம், சிறு கட்டம், மெல்லிய கோடு என்று நான்கு சட்டை இருந்தால் எட்டு சேர்க்கை கிடைக்கும். சென்னை வெயிலில் பேருந்தில் போகிறவர்கள் நடுத்தரச் சாம்பல் நிறச் சட்டையைத் தவிர்க்கலாம், வியர்வை ஈரம் அதில் தெரிவதுபோல வேறெதிலும் தெரியாது. வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் எட்டிப் பார்க்கும், தோல் நிறத்துக்கு நெருங்கியது பார்க்காது.

தையல்காரரிடம் கொடுக்கும்போது, பிடித்த இடத்தில் உள்துணியை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டி, ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடித்துவிட்டால், எடை கூடும்போது பிரிக்க வழியில்லை. பாலியஸ்டர் கலந்த பேன்ட்டை இஸ்திரி வண்டியில் கொடுத்தால் உள்பக்கம் திருப்பி, அல்லது மேலே மெல்லிய துணி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடையும் சீட்டும் பளபளத்துவிடும், அது போகாது. காலருக்கும் கஃப்புக்கும் கெட்டிக் கஞ்சி வேண்டாம், மடிப்பில் நூல் முறியும்.

காலர் மடிப்பு நைந்துவிட்டால் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கலாம். அடிப்பக்கம் காலர் முனையை விறைப்பாக நிறுத்தும் குச்சி செருகும் பை வைத்த சட்டை என்றால் திருப்பியதும் அது மேலே வந்துவிடும், அதற்கு இது ஆகாது. கஃப் நைந்த முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும் அரைக்கையாக்கிவிடலாம். கைவாய் புயத்தைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும், அதற்கு மேல் விட்டால் இறக்கை மாதிரி விரியும். வெட்டிய கைத்துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் அக்குள் விட்டுப்போனாலோ பாக்கெட் முனை கிழிந்தாலோ அதே துணியில் உள்ளே ஒட்டுப் போடலாம்.