மாவுப்புழுவுக்குப் புளித்த தீவனம்

மஞ்சள் மாவுப்புழு என்னும் வண்டினத்தின் உலர்ந்த லார்வாக்களை மனித உணவாக விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அனுமதி அளித்தது. அங்கே சட்டப்படி இப்புழுவும் ஒரு பண்ணை விலங்கு. ஆகவே உணவக எச்சங்களையோ சாணத்தையோ அதற்குத் தீனியாகப் போடக் கூடாது. கோதுமைத் தவிடும், ஈரத்துக்காகக் கேரட் துண்டுகளும்தான் வழக்கமான தீவனம். அந்தச் செலவைக் குறைக்க, பீர் ஆலைகளில் மிஞ்சும் பார்லிச் சக்கையை நாடும்போதுதான் புளிக்கவைக்கும் முறை கைகொடுக்கிறது.

சக்கையின் உலர் எடையில் சுமார் 20 முதல் 30 சதவீதம் புரதம் இருந்தாலும், ஈரச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் நீர் என்பதால் அது சில நாட்களிலேயே கெட்டுவிடுகிறது. உலர்த்தவோ எரிபொருள் அதிகம் வேண்டும். எனவே, மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் (காற்றுப் படாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம்) தயாரிப்பதைப் போலவே, சக்கையைக் காற்றுப் புகாத பீப்பாய்களில் இறுக்கி அடைக்கிறார்கள். ஆக்சிஜன் தீர்ந்ததும் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி, சர்க்கரையை அமிலமாக்கி, காரகாடித்தன்மை எண்ணை (பிஎச்) ஏறத்தாழ 4-க்கு இறக்குகிறது. அந்த அமிலத்தில் குடல்நோய்க் கிருமிகள் பலவும் பெருக முடிவதில்லை. சக்கையின் சர்க்கரையில் பெரும்பகுதி ஏற்கெனவே பீருக்குப் போய்விட்டதால், கொஞ்சம் வெல்லப்பாகுக் கழிவைச் சேர்ப்பதும் உண்டு.

பீப்பாயைத் திறந்ததும் மிதமான புளிப்பு மணம் வந்தால் சரி. கெட்ட வெண்ணெயின் வாடை அடித்தால் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா வேலை செய்து பியூட்டிரிக் அமிலம் உண்டாகியிருக்கிறது. அதைப் புழுவுக்குப் போடலாகாது. பூஞ்சை பிடித்திருந்தால் மேலாகச் சுரண்டினால் மட்டும் போதாது, ஏனெனில் அதன் நச்சு கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் பரவியிருக்கலாம். ஒருமுறை உண்டான நச்சைப் புளிப்பு நம்பகமாக அழிப்பதில்லை.

புளித்த தீவனம் புழுவைக் கொழுக்கவைக்கும் மந்திரம் என்று பேசுவது சரியல்ல. லாக்டிக் பாக்டீரியாவால் செல்லுலோஸை, அதாவது தாவர நாரை, சிதைக்க இயலாது. அதற்குப் பூஞ்சை போன்றவற்றின் நொதிகள் வேண்டும். பூஞ்சையைக் கொண்டு நொதிக்கவைத்தால் புரதச் சதவீதம் உயரும் என்பது உண்மையே, ஆனால் அந்த உயர்வில் ஒரு பகுதி, மாவுச்சத்து கரியமில வாயுவாக வெளியேறி மொத்த எடை குறைவதால் வருவது. புளிப்பின் மெய்யான பயன், வீணாகும் ஈரத் தீனியைக் கெடாமல் காத்து, கேரட்டுக்குப் பதிலாக நீரையும் தருவதே.

புளித்த தீவனத்தையும் தட்டில் அளவோடு, புழுக்கள் ஒரே நாளில் தின்று தீர்க்கும்படி வைக்க வேண்டும். மிஞ்சினால் தவிடு நனைந்து பூஞ்சையும் சிற்றுண்ணிகளும் பெருகும். அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்கும், பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் புழுவின் குடலுக்குள்ளும் போய்ச் சேரும் என்பதால், அறுவடைக்கு முன் புழுக்களைப் பட்டினி போட்டு, பிறகு கொதிநீரில் போட்டெடுத்து, தாமதமின்றிக் குளிர்விக்கவோ உலர்த்தவோ செய்கிறார்கள்.