குளிர் குறைந்தது, காடு சிவந்தது

கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கிறது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அதன் உட்பகுதிக்கு மேலே விமானத்தில் போனவர்களுக்கு மலை மலையாகச் சிவப்பு தெரிந்தது. இலையுதிர்கால அழகு என்று நினைத்துவிடலாம். ஆனால் அது பைன் காடு. பைன் மரம் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டியது. சிவந்து நின்றதெல்லாம் செத்த மரம்.

கொன்றது அரிசி மணி அளவே உள்ள ஒரு வண்டு. மலைப் பைன் வண்டு என்று பெயர். கோடையில் பெண் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரமும் சும்மா இருக்காது. துளை வழியே பிசினை வடித்து வண்டை வெளியே தள்ளப் பார்க்கும். அடிமரத்தில் சோளப்பொரி போலப் பிசின் உருண்டைகள் ஒட்டியிருந்தால் அங்கே சண்டை நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு வண்டு என்றால் மரம் ஜெயித்துவிடும். உள்ளே நுழைந்த வண்டோ ஒரு வாசனையைப் பரப்பி மற்ற வண்டுகளைக் கூப்பிடுகிறது. நூற்றுக்கணக்கில் வந்து விழும்போது மரத்திடம் பிசின் தீர்ந்துபோகிறது. போதாததற்கு, வண்டு ஒரு பூஞ்சையையும் சுமந்து வருகிறது. அது கட்டைக்குள் பரவி, நீர் ஏறும் வழிகளை அடைத்து, உள்ளே நீலம் பாய வைக்கிறது. அடுத்த கோடையில் இலை சிவக்கும். அப்புறம் அதுவும் உதிர்ந்து, மரம் சாம்பல் நிறக் கம்பமாக நிற்கும்.

இந்த வண்டு வெளியிலிருந்து வந்ததல்ல, அந்தக் காட்டிலேயே காலங்காலமாக இருப்பதுதான். அதை அடக்கி வைத்திருந்தது குளிர். பட்டைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் வண்டின் புழு, உறைந்து போகாமலிருக்க உடம்பில் கிளிசராலைச் சேர்த்துக்கொள்கிறது. நடுக் குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வாக்கில் போனால்தான் பெரும்பாலான புழுக்கள் சாகும். கிளிசரால் போதுமான அளவு சேர்வதற்கு முன்பே கடுங்குளிர் வந்துவிட்டால் மைனஸ் 25 போதும். முன்பெல்லாம் அவ்வப்போது அப்படியொரு குளிர் வந்து வண்டுக் கூட்டத்தைக் குறைத்துவிடும். 1990-களிலிருந்து அது அரிதாகிவிட்டது. வெப்பத்தின் மேல் மட்டும் பழி போடுவதும் சரியல்ல: பல பத்தாண்டுகளாகக் காட்டுத்தீயை உடனுக்குடன் அணைத்து வந்ததால், வண்டுக்குப் பிடித்த வயதான, பருத்த பைன்கள் ஏராளமாகப் பெருகியிருந்தன. இரண்டும் சேர்ந்ததில் சுமார் 1.8 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு அடிவாங்கியது.

சரி, இந்தக் காடு செத்ததற்கும் காற்றிலுள்ள கார்பனுக்கும் என்ன தொடர்பு?

ஈரம் போன மரக்கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன்தான். இலை காற்றிலிருந்து கரியமில வாயுவாக எடுத்துக்கொண்டது அது. காட்டைக் கார்பன் பூட்டி வைத்த பெட்டி போலப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஓயாமல் வரவும் செலவும் நடக்கின்றன. மரமே சுவாசிக்கிறது; உதிர்ந்த இலையையும் விழுந்த கட்டையையும் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவைத் திரும்ப விடுகின்றன. இரு பக்கமும் பெரிய தொகைகள், மிஞ்சுவதோ கொஞ்சம். மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் 30 சதவீதம் போல நிலம் வாங்கிக்கொள்வது இந்த மிச்சத்தால்தான். ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. காடுகளின் உதவி இருந்தும் இந்த நிலை.

மரம் செத்தால் வரவு நின்றுவிடுகிறது. செலவு நிற்பதில்லை, மக்குவது பல பத்தாண்டுகளுக்குத் தொடரும். கனடா வனத்துறையின் வெர்னர் கர்ஸும் அவரது குழுவினரும் 2008-ல் இதைக் கணக்கிட்டார்கள். 2000 முதல் 2020 வரை வண்டால் ஏற்படும் மொத்த இழப்பு 27 கோடி டன் கார்பன். கொஞ்சமாவது வாங்கிக்கொண்டிருந்த காடு, பெருமளவில் வெளியே விடும் காடாக மாறியது. வெளியே வந்த வாயு பூமியை மேலும் சூடாக்கும், சூடு மேலும் வண்டுகளை வாழவைக்கும். இந்தச் சுழலைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். வண்டுகள் ராக்கி மலைகளைக் கடந்து ஆல்பர்ட்டாவுக்கும் போய்விட்டன. அங்கிருந்து கிழக்கே கனடாவின் மறுகோடி வரை ஜாக் பைன் மரங்கள் இருக்கின்றன, அவற்றையும் இந்த வண்டு விட்டுவைப்பதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் மனசுக்குத் தெம்பு தரும் ஒரு செய்தியும் உண்டு. செத்த காடுகளுக்கு நடுவே கோபுரம் நட்டு, கரியமில வாயு மேலே போகிறதா உள்ளே வருகிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். செத்த பைன்களை வெட்டாமல் விட்ட சில இடங்களில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம், சில ஆண்டுகளுக்குள்ளேயே, காடு மறுபடி வாங்கத் தொடங்கியிருந்தது. மேலே நிழல் விலகியதும், அதுவரை கீழே ஒடுங்கிக் கிடந்த இளமரங்களும் செடிகளும் வெயிலைக் கண்டு விறுவிறுவென்று வளர்ந்திருந்தன. மொட்டையாக வெட்டிய இடங்களோ இன்னும் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருந்தன.