சின்னக் கட்டையை எதால் பிடிப்பது?

மரம் செதுக்கும்போது கத்தி வழுக்கினால் சட்டென்று கையை இழுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, தசைக்குக் கட்டளை போய்ச் சேரவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிவிடும். வழுக்கிய கத்தி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால்கூட அதற்குள் 20 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். விரல் நீளக் கட்டையை இடது கையில் பிடித்திருக்கிறோம் என்றால், கட்டை, விரல், உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாமே அந்த 20 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கின்றன.

சரி, ஏன் வழுக்குகிறது? மரத்தின் நார் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஓடுவதில்லை. கணு அருகே வந்ததும் கத்தி நின்றுவிடும், நாம் நம்மை அறியாமலே அழுத்தத்தைக் கூட்டுவோம், தோளிலிருந்து மணிக்கட்டு வரை தசையெல்லாம் முறுக்கேறி நிற்கும், அந்த நேரம் பார்த்து நார் பட்டென்று விட்டுக்கொடுக்கும். தடுத்துக்கொண்டிருந்தது போய்விட்டது, தள்ளிக்கொண்டிருந்த தசைக்கு அது இன்னும் தெரியாது. மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்து என்று சொல்வது இதனால்தான். அதே வெட்டுக்கு அது கூடுதல் விசை கேட்கிறது.

பெரிய கட்டை தன் எடையாலேயே ஓரளவு அசையாமல் கிடக்கும். சின்னது உளி பட்டதும் உருளும், திரும்பும், தெறிக்கும். அதனால் முடிந்தவரை சின்னக் கட்டையோடு ஆரம்பிக்கவே கூடாது என்பது என் கட்சி. 5 சென்டிமீட்டர் உயரச் சதுரங்கக் குதிரை வேண்டுமா, 20 சென்டிமீட்டர் கட்டை எடுத்து, ஒரு முனையை வைஸில் (இரண்டு தாடைக்கு நடுவே கட்டையை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கிவிட்டு, மறுமுனையில் குதிரையைச் செதுக்கி, கடைசியில் அறுத்து எடுங்கள். வைஸின் தாடையில் தோலோ கார்க்கோ ஒட்டினால் உராய்வு கூடும், மரத்தில் தடமும் விழாது.

தட்டையான சின்னப் பலகை என்றால் காகித ஒட்டு. எனக்கு ரொம்பப் பிடித்த முறை இது. ஒரு பெரிய பலகையில் மரப்பசை பூசி, அதன்மேல் செய்தித்தாள் ஒன்றை விரித்து, மறுபடி பசை பூசி, செதுக்க வேண்டிய துண்டை வைத்து அழுத்தி ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். மறுநாள் உளியால் எவ்வளவு பக்கவாட்டில் தள்ளினாலும் அசையாது, ஏனென்றால் அந்த விசையை ஒட்டிய பரப்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்கிறது. வேலை முடிந்ததும் மெல்லிய கத்தியை ஒட்டின் ஓரத்தில் வைத்து லேசாகத் தட்டுங்கள். இப்போது மொத்த விசையும் ஒரே கோட்டில் குவிகிறது, காகிதம் தன் தடிமனுக்குள்ளேயே இரண்டாகப் பிளக்கிறது: பாதி பலகையில், பாதி உங்கள் துண்டின் அடியில், அச்செழுத்துகளோடு. சுரண்டித் தேய்த்தால் போய்விடும். இரட்டைப் பக்க டேப்பும் இதே மாதிரிதான், பக்கவாட்டில் உறுதி, ஓரத்திலிருந்து உரித்தால் வந்துவிடும். பெரிய பலகையைக் கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்கிவிட்டால், இரண்டு கையும் உளியின் கூருக்குப் பின்னால் வந்துவிடுகின்றன.

அப்புறம் கையுறை. வெட்டுத் தாங்கும் கையுறையின் வலுவான இழைகள் விளிம்பு அறுப்பதைத் தடுக்கும், ஆனால் கூர்முனை நேராகக் குத்தினால் பின்னலின் இடைவெளியில் புகுந்துவிடும். சுழலும் கருவிக்கு அதைப் போடவே போடாதீர்கள், இழை சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

கையில் பிடித்தே ஆக வேண்டிய நுணுக்க வேலையும் உண்டு, குதிரையின் காது மாதிரி. அப்போது வலது கை கத்தியின் கோணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். கட்டையைப் பிடித்திருக்கும் இடது கையின் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து, விரல்கள் இல்லாத பக்கமாகத் தள்ளுங்கள். தோள் இதில் சேராது. நார் திடீரென்று விட்டுக்கொடுத்தாலும் கட்டைவிரல் எட்டும் தூரத்துக்குமேல் கத்தி போகாது, அது சிறிய தூரம்தான்.