மருந்துச் சீட்டு (பிரிஸ்கிரிப்ஷன்)

லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'ஸ்கிரிபெரே' என்றால் எழுதுதல். மருந்து கைக்கு வருவதற்கு முன்பே எழுதித் தரும் கட்டளைதான் பிரிஸ்கிரிப்ஷன். சீட்டின் தலைப்பில் போடும் 'ஆர்எக்ஸ்', 'ரெசிபே'யின் சுருக்கம். 'எடு' என்ற ஏவல். அந்த ஏவல் நோயாளிக்கு அல்ல, மருந்து கலப்பவருக்கு.

'மருந்துப் பரிந்துரை' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பரிந்துரையை ஏற்கவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாம். காகிதத்துக்கு 'மருந்துச் சீட்டு', செயலுக்கு 'மருந்து எழுதுதல்' என்பதே பொருத்தம். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் ஜனங்கள் வாயில் இருப்பதும் அதுதான். வெறும் 'சீட்டு' போதாது: அரசு மருத்துவமனையில் அது ஓ.பி. சீட்டு, தெருவில் மாதாமாதம் கட்டும் சீட்டு.

வில்லங்கம் சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் லத்தீன் சுருக்கங்களில். 'பி.டி.' இருவேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'எஸ்.ஓ.எஸ்.' தேவைப்பட்டால் மட்டும். 'ஓ.டி.' நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவத்தில் அதுவே வலது கண்! இதற்கு 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) தேவலை. அதிலும் அரை மாத்திரையைச் சாய்கோடு போட்டு 1/2 என்றால் ஒன்றா இரண்டா என்று குழம்பும். 'அரை' என்றே எழுதலாம். இன்சுலின் 10 யூனிட்டில் யூனிட்டை 'யு' என்று ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால், அது சுழியாகத் தெரிந்து 100 ஆகிவிடும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும். கிழமை குறிக்காத சீட்டால் அதைத் தினமும் விழுங்கி, ரத்த அணுக்கள் சரிந்து இறந்தவர்கள் உண்டு.

கம்பெனி வைத்த பெயரை அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி திருத்தப்பட்டது. பெயர் தெளிவாக இருந்தும் அளவு சறுக்கும். 10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் 150 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் அது 6 மி.லி.; 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி.; மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. சீட்டில் 'பாராசிட்டமால் 5 மி.லி.' என்று மட்டும் இருந்து, கடையில் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் 500 மி.கி. உள்ளே போகும். மருந்தை அளக்க எடுக்கும் அடுப்படி ஸ்பூனோ வீட்டுக்கு வீடு வேறு.

டெல்டாவில் சேற்றில் இறங்குவோருக்கு வரும் எலிக்காய்ச்சல் கடுமையாகாதபோது டாக்சிசைக்ளின் 100 மி.கி., 1-0-1, சாப்பிட்ட பின் என்று எழுதுவார்கள். விடியலில் நடவுக்குப் போகிறவர் சாப்பிடுவது பத்து மணிக்கு வரப்பில்; மாத்திரையோ வீட்டு மாடத்தில். காலை மாத்திரை தவறும். இரவு மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆகவே சீட்டில் இப்படி இருக்க வேண்டும்: 'காலை ஒன்று, வயலுக்கு எடுத்துப் போகவும். இரவு ஒன்று. ஒரு டம்ளர் தண்ணீருடன்; அரை மணி நேரம் படுக்கக் கூடாது. 7 நாள், மொத்தம் 14.'