அம்மா பேரில் வசூல், அம்மாவுக்குத் தெரியாமல்

போஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. பெங்களூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் போனை நீட்டிக் காட்டினார். மேலே அம்மாவின் படம், ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். கீழே ‘புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி தாரீர்’, ஒரு க்யூஆர் கோடு. ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓடப் போகிறாராம், நண்பர்கள் ஆளுக்கொரு தொகை போடுவார்களாம்.

தருமபுரியில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை பார்க்கும் மருத்துவர் நான். அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று, இடுப்பெலும்பு வரை போயிருந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகன் டீ வாங்கக் கீழே போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, ஆராய்ச்சிக்குனு காசு சேக்கறானாமே. அப்ப எனக்கு இனிமே ஆவாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

பாலக்கோட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் போட்டு அழுதிருக்கிறார். அப்படித்தான் இவருக்கே விஷயம் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் கேட்டார்: “என்னை வச்சு ஏதாச்சும் ஊசி போட்டுப் பாப்பாங்களா?”

மகன் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரம் மூன்று முறை ஓசூர் வழியாக வந்து போகிறவர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் செய்தது. ஆனால் நம் ஊரில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல் நோயாளியின் காதில் எப்படி விழுகிறது என்று அவர் யோசிக்கவில்லை. நாம் செய்யும் வைத்தியம் முடிந்துவிட்டது, இனி பரிசோதனைதான் என்றே விழுகிறது. ஆகவே முதல் அனுமதி அம்மாவிடம். படம் போடலாமா, நோயின் பெயரைச் சொல்லலாமா, யாருக்கெல்லாம் அனுப்பலாம், மூன்றையும் அவரிடமே கேளுங்கள். பேசத் தெம்பிருக்கும்போதே கேளுங்கள்.

அடுத்தது கணக்கு. சிகிச்சைக்கு வரும் பணம் வேறு, ஆராய்ச்சிக்கு வரும் பணம் வேறு. இரண்டும் ஒரே ஜிபே எண்ணில் விழுந்தால் ஆறு மாதம் கழித்து அண்ணன் தம்பிக்குள்ளேயே மனக்கசப்பு வரும். பார்த்திருக்கிறேன்.

சிகிச்சைச் செலவுக்கு, ஊரிடம் கேட்கும் முன் அரசிடம் இருப்பதைக் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. பெங்களூர் பக்கம்தானே என்று கிளம்புகிறவர்கள், மாநிலம் தாண்டினால் இந்தக் காப்பீடு செல்லுமா என்று பஸ் ஏறும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டோடு படுத்துவிட்டவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஆதரவு சிகிச்சையும் அதில் சேர்த்தி என்பது இங்கேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இவ்வளவுக்குப் பிறகும் துண்டு விழுந்தால், கொடுப்பவர்களை முடிந்தவரை மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொல்லுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் விழுந்தால் வருமான வரிக்காரர் அதை உங்கள் வருமானமாகப் பார்க்கலாம். ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி ஆராய்ச்சி. அந்த அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில் திண்டுக்கல். 2000-ல் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரை சுமார் 80,000 பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்க வைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பது. கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ்களே பார்த்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. பின்னால் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு இதைச் செய்து பார்த்து, மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. இன்று பென்னாகரத்திலோ காரிமங்கலத்திலோ ஒரு பெண் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் இந்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது. ஆராய்ச்சி என்றாலே எலியும் கண்ணாடிக் குடுவையும்தான் என்று நினைக்க வேண்டாம். கிராமத்துக்கு ஜீப் டீசல், நர்ஸுக்குச் சம்பளம், வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் ஆள், இதற்கெல்லாம்தான் பணம் போகிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஊர் ஊராகக் கையேந்திச் சேர்த்த பணத்தில்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. ஆகவே மகன் செய்ய நினைத்தது புதிதும் இல்லை, கூடாததும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்து, ரசீதிலும் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் பொது நிதியில் சேர்ந்துவிடும். அதுவும் நல்ல காரியம்தான், ஆனால் நீங்கள் நண்பர்களிடம் சொன்னது வேறு.

ஒரு எச்சரிக்கை. ‘எங்கள் ஆராய்ச்சியில் உங்கள் அம்மாவைச் சேர்த்துக்கொள்கிறோம், முதல் தவணை மூன்று லட்சம்’ என்று ஓர் இடத்தில் கேட்டதாக ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. ஆட்டுப்பட்டியை விற்று அதில் பாதியைக் கட்டியும் விட்டார்கள். முறையான ஆராய்ச்சியில், சோதித்துப் பார்க்கும் மருந்துக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். அதன் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த மகன் அன்று சாயங்காலமே அம்மாவிடம் பேசினார். பெரிதாக ஒன்றுமில்லை, கட்டில் ஓரம் உட்கார்ந்து போஸ்டரைக் காட்டி, ‘நான் செய்தது இது’ என்றார். படம் வேண்டாம் என்றார் அம்மா. நோயின் பெயர் இருக்கட்டும் என்றார், அதைப் பார்த்தாவது நாலு பொம்பளைங்க போய்க் காட்டிக்கட்டும் என்று. புதுப் போஸ்டரில் கடைசி வரி அந்தப் பரிசோதனையைப் பற்றியது.

அடுத்த முறை நான் வீட்டுக்குப் போனபோது மகன் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“டீக்கடை மாமா, இருநூறு.”

“அவன் பொண்ணு சடங்குக்கு நாம எவ்வளவு வச்சோம் கண்ணு?”

“இது மொய் இல்லம்மா. திருப்பிச் செய்ய வேணாம்.”

“உனக்கென்ன தெரியும்,” என்றார். “நோட்டுல எழுதி வை.”