கருக்கலைப்பு, கருச்சிதைவு, மகப்பேற்றுரிமை: ஒரு சொல் விளக்கம்

"அவளுக்கு அபார்ஷன் ஆயிருச்சுங்" என்றால் கொங்குப் பக்கம் ஒரு பொருள். "அபார்ஷன் பண்ணிக்கிட்டாளாமா" என்றால் வேறு பொருள். முதலாவதைக் கேட்டால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து வருவார்கள். இரண்டாவதைக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே ஆங்கிலச் சொல்தான். தானாக நேர்ந்ததா, வேண்டிச் செய்துகொண்டதா என்பதைப் பிரித்துக் காட்டுபவை ‘ஆ’, ‘பண்ணு’ என்ற இரண்டு தமிழ் வினைகள்.

அபார்ஷனின் வேர் லத்தீனில் உள்ள ‘அபோரிரி’. ‘ஓரிரி’ என்றால் எழுதல், பிறத்தல். சூரியன் எழும் திசையைச் சொல்லும் ‘ஓரியண்ட்’டுக்கும் அதே வேர்தான். ‘அப்’ என்பது விலகலையும் தவறலையும் குறிக்கும். ஆக, பிறப்பு இடையில் தவறிப்போவது என்பதே பழைய பொருள். தவறச் செய்தவர் யார் என்பது சொல்லுக்குள் இல்லை. மருத்துவ ஆங்கிலம் இன்றும் அப்படித்தான் எழுதுகிறது. தொடக்க மாதங்களில் கரு தானாகப் போனால் ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’. துடிப்பு நின்றும் வெளியேறாமல் தங்கிவிட்டால் ‘மிஸ்டு அபார்ஷன்’.

இதனால் வரும் வம்பு கொஞ்சநஞ்சமல்ல. பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டும் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதம் துடிப்பு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் டி அண்ட் சி (கருப்பையில் தங்கியதை எடுக்கும் சிகிச்சை) செய்து, டிஸ்சார்ஜ் சீட்டில் முறைப்படி ‘மிஸ்டு அபார்ஷன்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்தாவது படிக்கும் கொழுந்தன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். "கலைச்சுட்டு வந்து எங்ககிட்டயே அழுவறயா?" என்று மாமியார் பிடித்துக்கொண்டார். அந்தச் சீட்டில் தமிழில் ‘கருச்சிதைவு’ என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். அந்தப் பெண் வேண்டித்தான் செய்துகொண்டிருந்தால் மட்டும் மாமியாருக்குக் கேட்கும் பாத்தியதை வந்துவிடுமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தமிழில் ‘கலை’ தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். சந்தை கலைகிறது, தூக்கம் கலைகிறது, மேகம் கலைகிறது. சீட்டைக் கலைக்கிறோம், சட்டமன்றத்தைக் கலைக்கிறார்கள். கரு கலைந்தது என்றால் தானாக. கருவைக் கலைத்தாள் என்றால் அவள் செய்தது. ‘கருக்கலைப்பு’ இந்தப் பிறவினையிலிருந்து பிறந்த பெயர். அதற்குள் செய்பவர் ஒருவர் இருக்கிறார். ஆங்கிலத்தில் இல்லாத தெளிவு இது. அதனால் என் கட்சி இதுதான்: வேண்டிச் செய்வதற்குக் கருக்கலைப்பு, தானாக நேர்வதற்குக் கருச்சிதைவு. ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதக் கூடாது. மாட்டுக்குக்கூட நம் ஊரில் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். காலத்துக்கு முன்பே கன்று விழுந்தால் "கன்னு வீசிருச்சு" என்பார்கள். கால்நடை மருத்துவத்தில் புருசெல்லோசிஸுக்குக் கன்று வீச்சு நோய் என்றே பெயர்.

‘சிதை’ இந்த இடத்தில் புதிதாக வந்த சொல் அல்ல. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் பெரும்பாவங்களை அடுக்கும்போது "மாணிழை மகளிர் கருச்சிதைத் தோர்க்கும்" என்கிறார். பசுவின் மடியை அறுத்தவருக்கும் இவர்களுக்கும் கழுவாய் (பரிகாரம்) உண்டு, நன்றி கொன்றவருக்குத்தான் உய்தி இல்லை என்று பாட்டு போகிறது. இந்த அடியைக் காட்டி, கருக்கலைப்பைத் தமிழர் அன்றே பாவம் என்றார்கள் என வாதிடுபவர்கள் உண்டு. அடியை நிதானமாகப் படித்தால் அப்படித் தெரியவில்லை. மகளிரது கருவை வேறு யாரோ சிதைத்தார்கள் என்பதே நேர்ப்பொருள். குற்றவாளி அந்தப் பெண் அல்ல. அவள்மேல் கை வைத்தவர்.

இன்றைய சட்டம் புலவரைவிடக் கடுமையாக இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 312ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவாகியிருக்கிறது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் குற்றவாளிதான். பெண்ணின் சம்மதமில்லாமல் செய்பவருக்கு 89ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை வைத்திருக்கிறது. புறநானூற்று அடிக்கு நேராக நிற்பது இந்த 89தான்.

இதற்கு விலக்காக வந்ததே 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். எருக்கங்குச்சிக்கும் கைவைத்தியத்துக்கும் பெண்கள் பலியாகிக்கொண்டிருந்த காலத்தில், மத்திய அரசு அமைத்த சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்தது. அதன் வாசகம் ஒரு பெண்ணுக்கு இந்த உரிமை உண்டு என்று தொடங்குவதில்லை. இன்னின்ன நிலையில் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் தொடங்குகிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைமைகளில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள் வேண்டும். வன்கொடுமைக்கு ஆளானவர், மைனர், இடையில் கணவனை இழந்தவர் அல்லது மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளி போன்றோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். கருவில் பெருங்குறை இருந்தால் 24 வாரத்துக்கு மேலும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். ‘கணவர்’ என்றிருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று மாற்றியதும் அந்தத் திருத்தம்தான். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணை 24 வார வரம்பிலிருந்து ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

அடுத்த சொல்லில்தான் எனக்குத் தகராறு. ‘ரீப்ரொடக்டிவ் ரைட்ஸ்’ என்பதை ‘இனப்பெருக்க உரிமை’ என்று எழுதிவிடுகிறார்கள். அகராதிப்படி பிழையில்லை. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்களுக்காக அடித்த நோட்டீஸில் இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா கேட்டார்: "ஏனுங்க, இது மாட்டாஸ்பத்திரி நோட்டீஸுங்களா?" காங்கேயம் மாடு வளர்க்கும் சீமையில் இனப்பெருக்கம் என்றால் காளையும் சினை ஊசியும்தான் ஞாபகம் வரும். இனத்தைப் பெருக்குவது ஒரு பெண்ணின் வேலை என்ற தொனியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘கருவுரிமை’ சுருக்கமாக இருக்கிறது, ஆபத்தாகவும் இருக்கிறது. கருவுக்கு உள்ள உரிமை என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொண்டால் மறுக்க வழியில்லை. எனக்கு உகந்தது ‘மகப்பேற்றுரிமை’. பெறுவது, பெறாமலிருப்பது, எப்போது, எத்தனை என்பதெல்லாம் அதில் அடங்கும். 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாடு வகுத்த பொருளும் ஏறக்குறைய இதுதான். அதே ஆண்டு சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் ‘ரீப்ரொடக்டிவ் ஜஸ்டிஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார்கள். பெறாமலிருக்கும் உரிமையோடு, பெறும் உரிமையையும் பெற்றதை நல்லபடியாக வளர்க்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்டார்கள். அதற்கு மகப்பேற்று நீதி எனலாம். எமர்ஜென்சி காலத்துக் கட்டாயக் கருத்தடை தெரிந்த நாட்டுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கெய்ரோவுக்கெல்லாம் வெகுமுன்பே ஈரோட்டுக்காரர் ஒருவர் இதைப் பேசிவிட்டார். பெரியார் 1930இல் கர்ப்பத்தடையைப் பற்றித் தம் ‘குடி அரசு’ இதழில் எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் குடும்பச் சொத்து குறையாமலிருக்கவும் அது வேண்டும் என்கிறார்கள். நாம் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்கிறோம் என்பது அவர் வாதம். சுயமரியாதைக்காரர்கள் ‘கர்ப்ப ஆட்சி’ என்ற சொல்லையும் புழங்கினார்கள். தடை என்பதைவிட ஆட்சி என்பதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. அந்தச் சொல்லை நாம் ஏன் கைவிட்டோம் என்று தெரியவில்லை. இன்று எடுத்தாண்டாலும் பொருந்தும்.

‘கிராஸ்ரூட்ஸ் அட்வகசி’யை வேர்மட்டப் பரிந்துரை என்று பெயர்க்க வேண்டாம். ஊருக்குள் போய்ப் பேசுவது, துணைக்குப் போவது, மனுக் கொடுப்பது என்று செய்வதையே எழுதினால் போதும். பெயர் வேண்டுமென்றால் களப்பணி.

அந்தக் களத்தில் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இந்தப் பகுதிக்கே உரியது. 1992இல் சேலம் மாவட்டத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண்சிசுக்கொலை அப்படி இருந்தது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் தனிச்சட்டம் வந்து, ஸ்கேன் சென்டர்களில் அறிவிப்புப் பலகை ஏறியது. அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து, கருக்கலைப்பே சட்டவிரோதம் என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். குற்றம் பாலினம் பார்ப்பதும் சொல்வதும். குழுக்கூட்டத்தில் பேசும்போது ‘பெண்சிசுக்கொலை’, ‘கருக்கலைப்பு’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமலிருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ‘குழந்தையை அழிக்கிறது’, ‘வயித்தைச் சுத்தம் பண்றது’ என்ற இரண்டும் வேண்டாம். முன்னது கொலை என்கிறது, பின்னது அழுக்கு என்கிறது.

கடைசியாக, ‘சம்மதம்’. தூய தமிழ் வேண்டுவோர் ‘இசைவு’ என்று எழுதலாம். எனக்குச் சம்மதமே போதும், ஊருக்கே புரியும். "ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே வேண்டும். அதற்கான தாள் படிவம் ‘சி’. கணவர், மாமியார், பெற்றோர் யார் கையெழுத்தும் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழ் இருந்தாலோ மனநலக் குறை இருந்தாலோ மட்டும் காப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். யார், எதற்காக வந்தார் என்பதை மருத்துவர் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, 5ஏ பிரிவாக.