லினக்ஸில் திரை கறுத்தால் உடனே ஃபார்மட் வேண்டாம்

லினக்ஸ் இயங்குதளம் போட்ட கணினியில் திரை கறுத்துவிட்டது என்று கொண்டுபோனால், கடலூரோ புதுச்சேரியோ, சர்வீஸ் கடையில் முதலில் வரும் பதில் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதுதான். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. படம் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

ஆன் செய்ததும் கம்பெனி லோகோவே வரவில்லையா? லினக்ஸைத் திட்டிப் பயனில்லை, அது இன்னும் தொடங்கவே இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டர் கேபிளை அதில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கலாம். அது சரியாக இருந்தால் ரேமைப் பாருங்கள். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ரேமின் பொன்னிறப் பட்டைகளை மங்கடித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் பட்டுவிடும்.

டெஸ்க்டாப் வருகிறது, ஆனால் ரெசல்யூஷன் (திரையின் புள்ளி அளவு) 1024×768-க்கு மேல் ஏறவில்லை என்றால், மானிட்டரை இணைக்கும் விஜிஏ கேபிளைக் கழற்றிப் பாருங்கள். மானிட்டர் தன் அளவுகளைக் கணினிக்குச் சொல்வது 12, 15 ஆகிய பின்கள் வழியாக. ஒன்று வளைந்திருந்தாலோ களிம்பு ஏறியிருந்தாலோ அந்தத் தகவல் போய்ச் சேராது. 9-வது பின் பல கேபிள்களில் முதலிலிருந்தே இருக்காது. உடைந்துவிட்டதென்று பதற வேண்டாம்.

லோகோ வந்து பிறகு கறுத்தால், அதுவும் அப்டேட் போட்ட மறுநாள் என்றால், சந்தேகம் டிரைவர்மேல்தான், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்மேல். புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்திருக்கும், என்விடியா கம்பெனி கார்டின் டிரைவர் அதற்கேற்பத் தயாராகியிருக்காது. ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் முறைக் கணினி என்றால் ஷிஃப்டை) அழுத்தி, எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவுக்குப் போங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் இருக்கும். அதில் படம் வந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

அதிலும் வராவிட்டால் மெனுவில் ஆங்கில 'இ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒருமுறைக்கு மட்டும் கிராபிக்ஸ் டிரைவரின் உதவியின்றித் திரை எழும். உள்ளே போய் டிரைவரைச் சரிசெய்யத்தான் இது. நிரந்தரமாக வைத்துக்கொண்டால் வீடியோ திணறும். என்விடியாவின் ஜிடி 710 மாதிரிப் பழைய கார்டுகளுக்கு 470 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்கு மேல் போட்டால் வேலை செய்யாது.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கினால், டிரைவர் போட்டபின் ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வரும். பலர் 'கண்டினியூ' அழுத்திவிடுகிறார்கள். 'என்ரோல் மோக்' (Enroll MOK) கொடுத்து, டிரைவர் போடும்போது வைத்த பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் செக்யூர் பூட் அந்த டிரைவரை உள்ளே விடாது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம்தான். ஆனால் கூடவே விண்டோஸ் இருந்து அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரும் இயங்கினால், முதலில் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயைக் குறித்து வைத்துக்கொண்டு கை வையுங்கள்.